கண்ணாடி போட்ட சான்றிதழ்

மனோரஞ்சிதம் படிக்காமல் இருந்திருந்தால் இந்த நாட்டுப் பிரஜையாகியிருப்பாள். இப்படிச் சொன்னால் கேட்கிறவர் சிரிக்கத்தான் செய்வார். சிரித்துவிட்டுப் போகட்டும். இலங்கை மலைநாட்டில், பொகவந்தலாவைப் பக்கத்தில் அவளைத் தெரிந்தவர்கள் யாரும் சிரிக்கமாட்டார்கள்.

பொகவந்தலாவைக் கடைவீதியிலிருந்து மூன்று கல் மேலே ஏறினால் வெள்ளப்பாறைத் தோட்டம். அங்கே தொழிலாளர் வரிசை வீடுகளில், ஐந்தாம் நம்பர் லயத்தில் பிறந்தவள் அவள். அவளைப் பெற்றவளும் அதே லயத்தில் பிறந்தவள்தான். அப்பன் மட்டும் முசிறிப் பக்கத்திலிருந்து சின்ன வயதில் வந்தவர். பதினெட்டு வயதில் தேயிலை அரைக்கிற ஸ்டோரில் வேலை பார்த்த அழகையாவுக்குக் கழுத்தை நீட்டினாள். நல்ல மனுஷன். குடிக்கமாட்டான், கை நீட்டமாட்டான். அப்படிப்பட்டவனைத்தானே சீக்கிரம் கொண்டுபோகும்? நாற்பத்து நாலாம் வருஷத்து மழையில் மார்ச்சளி கட்டி, பத்தே நாளில் போய்ச் சேர்ந்தான். கையில் இரண்டு வயது மகள் பூரணி. இருபத்தைந்து வயதில் வெள்ளைச் சேலை.

அந்தக் காலத்தில் வெள்ளப்பாறையில் பிள்ளை பிறப்பது பெரிய காரியமில்லை. பிறந்த பிள்ளை எட்டாம் நாளைப் பார்ப்பதுதான் பெரிய காரியம். தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியால் தொப்புள் கொடியை அறுத்து, அடுப்புச் சாம்பலை அப்பிவிடுவார்கள். ஏழாம் நாள் இழுப்பு வரும். வாய் கிட்டித்துப் போகும். பால் இறங்காது. எல்லாம் அம்மனுடைய கோபம் என்று வேப்பிலை கட்டிவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒரு மழைக்காலத்தில் மட்டும் ஐந்து பிள்ளைகளைப் புதைத்தார்கள். அதைக் கேட்டுத் தோட்டத்து மேனேஜர் துரையின் மனைவிக்கு, அந்த வெள்ளைக்காரத் துரைசாணிக்கு, மனம் பொறுக்கவில்லை. தோட்டத்திலேயே ஒரு பெண்ணைப் படிக்க வைத்து மருத்துவிச்சியாக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். தமிழில் சொல்லிக் கொடுக்கிற இடம் திருச்சிப் பக்கம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரிதான் என்று விசாரித்தும் வைத்தாள். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்த பெண்கள் இரண்டே பேர். ஒருத்தி வாயும் வயிறுமாக இருந்தாள். மற்றவள் மனோரஞ்சிதம்.

அண்ணன் வீரய்யா ஒத்துக்கொள்ளவில்லை. தாலி அறுத்தவள் கடல் தாண்டிப் போனால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்றார். பேசட்டும் என்றாள் அவள். புதைத்த ஐந்து பிள்ளைகளில் ஒன்று அவருடைய பிள்ளை. அதைச் சொல்லிக் காட்டவில்லை, சும்மா அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் பூரணியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

நாற்பத்தாறாம் வருஷம் ஏப்ரல் மாதம் மூன்றாம் தேதி ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். பன்னிரண்டு மாதப் படிப்பு. ஆனால் சான்றிதழ் கைக்கு வர, யாருடைய துணையும் இல்லாமல் இருபது பிரசவம் பார்த்துக் காட்ட வேண்டும். வருஷம் முடிந்தபோது அவளுக்குப் பதினேழுதான் ஆகியிருந்தது. அப்படியே கிளம்பிப் போனாலும் வெள்ளப்பாறையில் யார் கேட்கப் போகிறார்கள் என்று கூடப் படித்தவர்கள் சொன்னார்கள். அரைகுறையாகப் போக அவளுக்கு மனசு வரவில்லை. இன்னும் மூன்று பிரசவத்துக்காக எட்டு வாரம் காத்திருந்தாள். மகள் முகத்தைப் பார்க்காமல் தூக்கம் வராத எட்டு வாரம் அது. அந்த மூன்று பிள்ளைகளும் இன்றைக்குத் திருச்சிப் பக்கம் எங்கேயோ மீசை முளைத்துத் திரிகிறார்கள். அவர்களுக்கென்ன, நாடு இருக்கிறது.

ஊர் திரும்பியதும் முதல் வேலையாகச் சான்றிதழைக் கடைவீதிக்குக் கொண்டுபோய்க் கண்ணாடிச் சட்டம் போட்டாள். சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினாள். லயத்துப் பெண்கள் வந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருத்திக்கும் தெரியாது. அவளுக்கே பாதிதான் தெரியும், எல்லாம் இங்கிலீஷ். ஆனால் கீழே சிவப்பு முத்திரை இருந்ததே, அது போதாதா?

தோட்டத்து ஆஸ்பத்திரியை ஒட்டி அவளுக்கு ஒரு அறை கொடுத்தார்கள். தோல்பை, கத்தரிக்கோல், டெட்டால் போத்தல், வெள்ளைத் துணி. "கவ்வாத்துக் கத்தியை எவளாவது பிள்ளைக்குப் பக்கத்தில் கொண்டுவந்தா அந்தக் கத்தியாலயே அவ கையை வெட்டுவேன்" என்று ஊரைக் கூட்டிச் சொன்னாள். சொன்னால் செய்கிறவள் என்று எல்லாருக்கும் தெரியும். அடுத்த மழைக்காலத்தில் பதினோரு பிரசவம். ஒரு பிள்ளைக்கும் இழுப்பு வரவில்லை. அதற்குப் பிறகு அவளை மனோரஞ்சிதம் என்று யாரும் கூப்பிடவில்லை. அவளைவிட மூத்தவர்கள் வாயிலும் மருத்துவிச்சம்மாதான்.

இது இப்படி நடந்துகொண்டிருக்கையில், வெள்ளைக்காரன் போய் நாடு சுதந்திரமடைந்தது. சுதந்திரம் வந்த கையோடு சட்டமும் வந்தது. தோட்டத்து ஜனங்கள் இந்த நாட்டுக்காரர்கள் இல்லை என்றது சட்டம். வேண்டுமானால் மனுப் போடு, இத்தனை வருஷம் இங்கேயே இருந்தாய் என்று ருசுக் காட்டு, பிறகு பார்க்கலாம் என்று அடுத்த வருஷம் இன்னொரு சட்டம். இடையில் ஒரே மூச்சாகப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இந்தியாவில் இருந்திருந்தால், இங்கே குடியிருந்த கணக்கு அறுந்துபோகும். மகாராசன் எவன் எழுதினானோ. ஆற்றில் குளிக்கிறவனைப் பார்த்து நீ நனைந்திருக்கிறாயா என்று கேட்ட மாதிரி, இங்கே பிறந்தவளைப் பார்த்து நீ இங்கே இருந்தாயா என்று கேட்டார்கள்.

மனுப் போடலாமா வேண்டாமா என்று தொழிற்சங்கத்துக்காரர்கள் இழுத்தடித்து, கடைசி நேரத்தில்தான் எல்லாரும் ஓடினார்கள். கடைவீதியில் ஜவுளிக்கடை வாசலில் டைப்ரைட்டரோடு உட்கார்ந்திருந்த பெட்டிஷன் எழுத்தர் ஆண்டியப்பனிடம் கூட்டம் முண்டியடித்தது. மனோரஞ்சிதத்தின் முறை வந்தபோது, இந்தியாவுக்குப் போனதுண்டா என்று அவர் கேட்டார். போனேன், படிக்கப் போனேன், பதினாலு மாசம் என்றாள். ஆண்டியப்பன் டைப்ரைட்டரிலிருந்து கையை எடுத்தார். அக்கம் பக்கம் பார்த்தார். குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"படிச்சதெல்லாம் நான் எழுதமாட்டேன் தங்கச்சி. நீங்களும் வாயத் தொறக்காதீங்க. கேக்குறதுக்கு மட்டும் பதில் சொல்லிட்டு வந்துருங்க."

ஏன் என்று அவர் விளக்கவில்லை. பின்னால் நாற்பது பேர் நின்றார்கள். அவள் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தாள். கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்டதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. மனுவில் அவள் பெயருக்குக் கீழே மகள் பூரணியின் பெயர். அவளுக்குக் கிடைத்தால் மகளுக்கும் கிடைக்கும். கிடைக்காவிட்டால் இரண்டு பேருக்கும் இல்லை.

அவளுடைய ஆசையெல்லாம் அந்த மகளைப் பற்றித்தான். தான் மருத்துவிச்சி, பூரணி அதற்கு மேலே நர்ஸ். அரசாங்க ஆஸ்பத்திரியில் படித்து, தலையில் தொப்பி வைத்து, இந்த மலைக்கே வேலைக்கு வர வேண்டும். இதை யாரிடமும் மறைத்தவளில்லை. பிரசவம் பார்க்கும்போதே சொல்லுவாள். வலியில் கத்திக்கொண்டிருக்கிறவளும் சரி சரி என்று தலையாட்டுவாள்.

மூன்று வருஷம் கழித்து விசாரணைக்கு அழைப்பு வந்தது. அட்டன் பட்டணத்தில் ஒரு அரசாங்கக் கட்டடம். முதல் நாள் சாயங்காலமே மனோரஞ்சிதம் சுவரிலிருந்து சான்றிதழை இறக்கினாள். கண்ணாடியைத் துடைத்து, பூத்துவாலையில் சுற்றி வைத்தாள்.

இதற்கு அவளைக் குறை சொல்லக் கூடாது. தோட்டத்தில் பிறந்த எவரும் அதைத்தான் செய்திருப்பார்கள். அங்கே ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு வேலைக்குப் போவதானால், பழைய துரை கையெழுத்துப் போட்ட துண்டு வேண்டும். ரயிலேறத் துண்டு, கப்பலேறத் துண்டு, கப்பலேறுமுன் தங்க வைத்த மண்டபம் முகாமில் அம்மை குத்திக்கொண்டதற்குத் துண்டு. துண்டு இல்லாதவன் ஆளே இல்லை. பெரியவர்கள் முன்னால் போய் நின்றால், கேட்டாலும் கேட்காவிட்டாலும், தன்னிடமுள்ள காகிதங்களிலேயே பெரிய முத்திரை உள்ளதை முதலில் நீட்டுவதுதான் அவர்கள் நாலு தலைமுறையாகப் படித்த பாடம். வெள்ளப்பாறை முழுக்கத் தேடினாலும் அந்தச் சிவப்பு முத்திரையைவிடப் பெரிய முத்திரை கிடையாது.

விசாரணை செய்த அதிகாரி கெட்டவரில்லை. நடுத்தர வயது, மூக்குக் கண்ணாடி, அமைதியான பேச்சு. சிங்களத்தில் கேட்டார். பக்கத்தில் நின்றவர் தமிழில் சொன்னார். பிறப்புச் சீட்டைப் பார்த்தார், தோட்டத்துப் பேர்ப் புத்தகத்தின் நகலைப் பார்த்தார், புருஷன் செத்த சீட்டைப் பார்த்தார். என்ன வேலை என்றார். மருத்துவிச்சி என்றதும் தலை நிமிர்ந்து, எத்தனை பிரசவம் பார்த்திருப்பாய் என்று கேட்டார். இருநூற்றுக்கு மேலே என்றாள். நல்ல வேலை, புண்ணியமான வேலை என்றார். பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு கோப்பைக் கட்டத் தொடங்கினார். முடிந்தது. எழுந்து வெளியே வந்திருந்தால் போதும்.

அவளுக்குத்தான் மனசு நிறைந்துபோயிற்று. இவ்வளவு மரியாதையாக எந்த அதிகாரியும் அவளிடம் பேசியதில்லை. நான் ஏதோ கைப்பழக்கத்தில் பிள்ளை பிடிக்கிறவள் என்று இந்த ஐயா நினைத்துவிடக் கூடாதே என்று தோன்றிற்று. குனிந்து பூத்துவாலையை அவிழ்த்தாள். சான்றிதழை இரண்டு கையாலும் ஏந்தி மேசைமேல் வைத்தாள்.

அதிகாரி புன்சிரிப்போடுதான் எடுத்தார். படித்தார். மறுபடியும் மேலேயிருந்து படித்தார். சிரிப்புப் போய்விட்டது. எப்போதிலிருந்து எப்போது வரைக்கும் என்று தேதிகளை விரலால் தொட்டு, மொழிபெயர்ப்பாளரிடம் ஏதோ சொன்னார்.

"இந்தப் பதினாலு மாசமும் நீங்க இந்தியாவுலயா இருந்தீங்க?"

"ஆமாங்கய்யா. தொரசாணிதான் அனுப்பி வச்சாங்க. இருவது பெரசவம் பாக்கணும்னு சட்டம், அதனால ரெண்டு மாசம் கூடப் போச்சு."

கேட்டதற்கு மேலேயே சொன்னாள். அதிகாரி கோப்பை மறுபடியும் பிரித்தார். பேனாவை எடுத்தார். வெகுநேரம் எழுதினார். எழுதி முடித்ததும் சான்றிதழை அவள் வைத்த மாதிரியே இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார். அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

கடிதம் வர இன்னும் ஒரு வருஷம் ஆனது. நிராகரிக்கப்பட்டது என்று ஒரே வரி. குடியிருப்பு அறுந்திருக்கிறது, மனுவில் அதை மறைத்திருக்கிறாய் என்று கீழே காரணம். ஆண்டியப்பனிடம் எடுத்துக்கொண்டு ஓடினாள். அவர் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"யாரு தங்கச்சி அதக் கேட்டா? ஒங்கள யாரு கேட்டா?"

யாரும் கேட்கவில்லை என்பது அவளுக்குத் தெரியாதா? அன்றைக்கு மூன்று கல் தூரமும் நடந்தே ஏறினாள். கழுதை கழுதை என்று தன்னையே ஏசிக்கொண்டு ஏறினாள். மேல் கோர்ட்டுக்குப் போகலாம் என்றார்கள். கோர்ட்டுக்குப் போக அவள் என்ன துரை மகளா?

என்றாலும் வேலை நின்றுவிடவில்லை. நாடில்லாதவள் கையில் நாடில்லாத பிள்ளைகள் வரிசையாகப் பிறந்துகொண்டேயிருந்தார்கள். நாடுள்ளவர்கள்தான் போனார்கள். ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்த டிஸ்பென்சர் கணேசமூர்த்தி யாழ்ப்பாணத்துக்காரர், அசல் பிரஜை. மலாயாவில் நல்ல வேலை கிடைத்தது என்று பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டு போய்விட்டார். அடுத்து வந்தவர் எட்டு மாதத்தில் கொழும்புக்கு மாற்றல் வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு காய்ச்சல் மருந்தையும் மனோரஞ்சிதமே ஊற்றிக் கொடுத்தாள். இருக்கச் சட்டமில்லாதவள்தான் இருந்தாள்.

பூரணி கெட்டிக்காரி. கடைவீதிப் பள்ளிக்கூடத்துக்கு மழையிலும் அட்டைக்கடியிலும் நடந்தே போய், பத்தாம் வகுப்புப் பரீட்சையில் நல்லபடி தேறினாள். வெள்ளப்பாறையில் அதுவரை எந்தப் பெண்ணும் அதைச் செய்ததில்லை. அறுபத்தோராம் வருஷம் நர்ஸ் படிப்புக்கு விண்ணப்பம் கேட்டுப் பத்திரிகையில் வந்தது. படிவத்தில் நாலாவது கேள்வி, பிரஜாவுரிமைச் சான்றிதழின் இலக்கம். பூரணி அந்த இடத்தைக் காலியாக விட்டு அனுப்பினாள். காலியாக இருக்கிறது என்று படிவம் திரும்பி வந்தது. ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் மேட்ரனம்மாவை அம்மாவும் மகளும் போய்ப் பார்த்தார்கள். அந்த அம்மாவுக்குப் பெண்ணைப் பிடித்துப்போயிற்று. எனக்கு ஆள் இல்லை, படுக்கைக்குப் படுக்கை நோயாளி கிடக்கிறான், உன்னை மாதிரிப் பிள்ளைகள்தான் வேண்டும், ஆனால் என்னால் முடியாது என்று சொல்லிக் கண் கலங்கினாள். கண் கலங்கி என்ன செய்ய?

கண்டியில் இந்திய அலுவலகத்தில் பதிந்தால் இந்தியப் பாஸ்போர்ட் தருகிறார்கள், போய்ப் படிக்கலாம் என்று யாரோ சொன்னார்கள். மிஷன் ஆஸ்பத்திரிக்கு மனோரஞ்சிதமே எழுதினாள். பழைய மாணவியின் மகள் என்றதும் உடனே இடம் கொடுத்தார்கள். ஆனால் அந்தப் பாஸ்போர்ட்டை வாங்கிவிட்டால் திரும்பி வந்து இங்கே குடியிருக்க முடியாது. விசா வாங்கி, விருந்தாளி மாதிரி வந்து போகலாம். அதுவும் கொடுத்தால்தான்.

பூரணி மூன்று நாள் அழுதாள். பிறகு ஒரு முடிவோடு வந்தாள்.

"நீயும் பதிஞ்சிரும்மா. ரெண்டு பேருமே போயிருவோம். ஒனக்கு அங்க வேல குடுக்கமாட்டாங்களா?"

கொடுப்பார்கள். கொடுக்கிறோம் என்று அவர்களும் எழுதியிருந்தார்கள். அந்தக் கடிதத்தை மனோரஞ்சிதம் மகளிடம் காட்டவில்லை. அந்த மாதம் வெள்ளப்பாறையில் ஏழு பேர் நிறைமாதம். அதில் ஒருத்திக்கு இரட்டைப் பிள்ளை. ஒருத்திக்கு முன்னே இரண்டு தடவை ரத்தம் போய்ப் பிழைத்த உடம்பு. இவர்களை யார் கையில் ஒப்படைத்துவிட்டுப் போவது? இந்த ஏழு முடியட்டும் என்றால் அடுத்த ஏழு வரும். தோட்டம் அவளை நம்பியிருக்கிறது என்று அவள் நம்பினாள். அவள் செய்த இரண்டாவது பிசகு அது. முதலாவதைவிடப் பெரியது.

"நீ போயிட்டு வா கண்ணு. மூணு வருஷந்தானே. அதுக்குள்ள சட்டம் மாறிடும்" என்றாள்.

பூரணிக்கு இருபத்தொரு வயது ஆகாததால் தாயின் கையெழுத்து வேண்டியிருந்தது. இனி இந்த நாட்டில் குடியிருக்கும் உரிமையைக் கேட்பதில்லை என்று மகள் ஒரு தாளில் கையெழுத்துப் போட, சம்மதம் என்று தாய் அதற்குக் கீழே போட வேண்டும். போட்டாள். தலைமன்னார் ரயிலில் ஏற்றிவிட்டு வந்து, அன்று மத்தியானமே ஒரு பிரசவத்துக்குப் போனாள். பிள்ளையும் தாயும் சுகம்.

அடுத்த வருஷம் கம்பெனியின் கொழும்பு ஆபீசிலிருந்து துரைக்குக் கடிதம் வந்தது. மாதச் சம்பளத்து உத்தியோகங்களில் பிரஜைகள் மட்டுமே இருக்க வேண்டும். வெள்ளைக்காரத் துரையும் துரைசாணியும் எப்போதோ சீமைக்குப் போயிருந்தார்கள். இப்போதைய துரை இளவயதுக்காரர், படித்தவர், இந்த நாட்டுக்காரர். அவருக்கும் சங்கடந்தான். சட்டம் அப்படி இருக்கிறது, நான் என்ன செய்ய, நீ வேலையில்லாமல் போக வேண்டாம், கொழுந்தெடுக்க வரலாம் என்றார். அதைப் பெரிய உபகாரமாகச் சொன்னார். மனோரஞ்சிதத்துக்கு நாற்பத்து நாலு வயது. பதினாறு வருஷமாகக் கூடையைத் தொடாத கை. தோல்பையையும் அறைச் சாவியையும் மேசைமேல் வைத்துவிட்டு, அண்ணன் வீட்டுக்கே, ஐந்தாம் நம்பர் லயத்துக்கே திரும்பி வந்தாள். மறுநாள் காலை பெரட்டுக் களத்தில் கூடையோடு போய் நின்றாள். பேர் கூப்பிட்ட கங்காணி வடிவேலுக்கு அவளை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. அவனுடைய நாலு பிள்ளைகளும் அவள் கையில் பிறந்தவை. மருத்துவிச்சம்மா என்றே கூப்பிட்டுவிட்டு, பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

புதிதாக வந்த மருத்துவிச்சி தெற்கேயிருந்து வந்த சின்னப் பெண். அவளைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒரு வார்த்தை தமிழ் தெரியாது. வலியில் இருக்கிறவள் என்ன சொல்கிறாள் என்று புரியாமல் கையைப் பிசைந்துகொண்டு நிற்பாள். குளிரும் மழையும் தாங்காமல் அழுவாள். மனோரஞ்சிதந்தான் சாயங்காலங்களில் போய்த் தெரிந்த சிங்களத்தில் அவளைத் தேற்றி, முக்கு, மூச்சை விடு, பயப்படாதே என்று நாலு தமிழ்ச் சொல் படித்துக் கொடுத்தாள். ஐந்து மாதத்தில் அந்தப் பெண் பட்டணத்து ஆஸ்பத்திரி ஒன்றுக்கு வேலை கிடைத்துப் போய்விட்டாள். பிறகு யாரும் வரவில்லை. பிள்ளை வலி கண்டால் கொழுந்து லொறியில் ஏற்றி அனுப்பினார்கள். அந்த ரோட்டில், அந்த வளைவுகளில். இரண்டு பிள்ளைகள் லொறியிலேயே பிறந்தன. ஒரு தாய் லொறியிலேயே செத்தாள். ரத்தம் போய்ப் பிழைத்த உடம்பு என்று சொன்னேனே, அவள்தான், இது அடுத்த பிரசவம்.

அறுபத்து நாலில் இரண்டு அரசாங்கங்களும் டில்லியில் உட்கார்ந்து, தோட்டத்து ஜனங்களில் ஐந்தே கால் லட்சம் பேர் உனக்கு, மூன்று லட்சம் பேர் எனக்கு, மிச்சம் ஒன்றரை லட்சத்தைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்று பங்கு பிரித்தார்கள். யார் எந்தப் பங்கில் என்று யாருக்கும் தெரியாது. அதே வருஷக் கடைசியில் புயலடித்து, தலைமன்னார்க் கப்பல் போய்ச் சேரும் தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோயிற்று. பூரணி வந்துபோக வேண்டிய பாதையும் அதோடு போயிற்று.

படிப்பு முடிந்தபோது பூரணியிடமிருந்து கடிதம் வந்தது. தொப்பி வைத்த படம் ஒன்றும் உள்ளே இருந்தது. இரண்டு வாரம் வந்து உன்னைப் பார்த்துவிட்டுப் போக விசாவுக்கு எழுதினேன் அம்மா, என்று எழுதியிருந்தாள். இலங்கையில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார்கள், அம்மா என்று எழுதினேன். அம்மா எந்த நாட்டுப் பிரஜை என்று கேட்டுப் படிவத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். என்ன எழுதட்டும்?

மனோரஞ்சிதம் பதில் எழுத உட்கார்ந்தாள். மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தாள். எழுத என்ன இருக்கிறது? நாலாவது ஞாயிறு, உடம்பைப் பார்த்துக்கொள் என்று மட்டும் எழுதி அனுப்பினாள். சென்னையிலிருந்து வெளிநாடு ஒன்றுக்கு நர்ஸ்மாரை எடுக்கிறார்கள், நான் போகிறேன் அம்மா என்று அதற்குப் பதில் வந்தது. நாட்டின் பெயரை அவளால் சரியாக வாசிக்க முடியவில்லை. யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொள்ளவும் ஆசையில்லை.

அதற்கு அடுத்த மாதம் ஒரு புதன்கிழமை, ஒன்பதாம் நம்பர் மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து நிரையில் லெட்சுமி செடியைப் பிடித்துக்கொண்டு குந்திவிட்டாள். பத்தொன்பது வயது, தலைப்பிரசவம். நிறைமாதத்திலும் மலையேறி வந்தவள். லொறி கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குப் போயிருந்தது, வர இரண்டு மணி நேரம் ஆகும். மனோரஞ்சிதம் கூடையைக் கழற்றி வைத்தாள். வடிவேல் கங்காணி ஓடி வந்தான். தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"அம்மா, பாதியில எறங்கிப் போனா அரைப்பேருதான் போடணும், அரைநாள் சம்பளந்தான். எனக்கு மேல இருக்கிற கண்டாக்கையா கேப்பாரு. அதோட, ஒங்கள புள்ள பாக்க விடக் கூடாதுன்னு வேற சொல்லியிருக்காங்க."

"போட்டுக்க" என்றாள்.

லெட்சுமியைத் தாங்கிக்கொண்டு லயத்துக்கு இறக்கினாள். பை இல்லை, டெட்டால் இல்லை. வெந்நீர் வைக்கச் சொல்லி, புதுப் பிளேடு ஒன்று வாங்கி வரச் சொல்லி, நூலையும் பிளேடையும் கொதிக்க வைத்தாள். கை மறந்திருக்கவில்லை. மூன்று மணிக்கெல்லாம் பிள்ளை வந்துவிட்டது. பெண் பிள்ளை, நல்ல குரல். கொடியை அறுத்துக் கட்டி, துடைத்து, தாயின் மார்பில் போட்டாள். லெட்சுமி பிள்ளையைப் பார்த்தாள், பிறகு நிமிர்ந்து இவளைப் பார்த்தாள். முகமெல்லாம் சந்தோஷம்.

"பட்டினி கெடந்தாவது இவளப் படிக்க வச்சிருவேம்மா. ஒங்க பூரணியக்கா மாதிரி நர்சாக்கிப்புடணும்."

மனோரஞ்சிதத்தின் கை நின்றது.

"வேணாம் லெட்சுமி. படிக்க வைக்காத. கூடய மாட்டி மலைக்கு அனுப்பு, ஒங்கிட்டயாவது இருப்பா."

சொன்ன பிறகுதான், என்ன சொன்னோம் என்று அவள் காதிலேயே விழுந்தது. பெற்றவள் திகைத்துப்போய்ப் பிள்ளையை இறுக்கிக்கொண்டாள். மனோரஞ்சிதம் எழுந்து, கை கழுவ லயத்துத் தண்ணீர்ப் பீலிக்குப் போனாள். குடம் வைத்துக்கொண்டு நின்ற பெண்கள் என்ன பிள்ளை, என்ன பிள்ளை என்று கேட்டுக்கொண்டு அவளைச் சூழ்ந்தார்கள். விழுகிற தண்ணீரில் இரண்டு கையையும் நீட்டியபடி, அத்தனை பேருக்கும் முன்னால், அவள் வாய்விட்டு அழுதாள்.